அத்தை பெயரில் வந்த கடிதங்கள்

"செவலக் கோழி முட்டை வுடுதா? வூட்டுல வுடலன்னா பக்கத்து வூட்டு வெறகுக்குப் பின்னால பாரு. அது அங்கதான் போவும்."

இப்படித்தான் ஆரம்பித்தது அந்த முதல் கடிதம். நலம் விசாரிப்பு இல்லை, தேதி இல்லை, ஊர்ப் பெயர் இல்லை.

பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் போய்விட்டிருந்தார்கள். கரும்பலகையில் அன்றைய கூட்டல் கணக்கு அழியாமல் இருந்தது. கன்னியம்மா அக்கா பாயில் ஒரு காலை மடக்கி உட்கார்ந்து, நான் படிப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தார். தூரத்து மில்லில் இரும்பு உலக்கைகள் தங்கக் கல்லை இடிக்கும் அதிர்வு எப்போதும்போல் தரை வழியாக வந்து என் பாதங்களைத் தொட்டது.

இரண்டாவது வரிக்கு நான் போவதற்குள் அக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். தோள்கள் குலுங்கின. அழுகிறார் என்று நினைத்துப் படிப்பதை நிறுத்தினேன். அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"பன்னெண்டு நாளா உசுரக் கையில புடிச்சிக்கினு கீறேன் டீச்சரம்மா. செத்தாரா, புடிச்சிட்டாங்களான்னு ஒண்ணியும் தெரியல. இந்தாளு கோழியக் கேக்குறாரு பாருங்க!"

சிரிப்பு முடிந்த இடத்தில்தான் அழுகை வந்தது. அது அடங்கும்வரை நான் கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

அந்தக் கோழியைப் பற்றிக் கேட்டவர், கோலார் தங்கவயலில் ஆயிரக்கணக்கான ஆட்களைச் சுரங்கத்துக்குள் இறங்கவிடாமல் நிறுத்திய ஏழுமலை. அவரைத் தேடிப் போலீஸ்காரர்கள் பங்காருபேட்டை ஸ்டேஷனில் ஒவ்வொரு பெட்டியாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்கள். அவர் பெயரைக் குரலைத் தாழ்த்தித்தான் எல்லோரும் சொன்னார்கள்.

போன வாரம் இந்தப் பக்கத்தில் போகிறபோக்கில் அவர் பெயரைக் குறிப்பிட்டிருந்தேன். உடனே ஒரு வாசகர் எழுதிக் கேட்டிருக்கிறார்: "நீங்கள் அவரைப் பார்த்திருக்கிறீர்களா? எப்படிப் பேசுவார்? சிங்கம்போல் இருப்பாராமே?"

சிங்கத்தைப் பற்றி எனக்குத் தெரியாது. கூட்டத்தில் அவர் பேசி நான் கேட்டது ஒரே ஒரு முறை. ஆனால் அவர் கடிதங்களை, ஏறக்குறைய எல்லாவற்றையும், முதலில் படித்தவள் நான்தான். ஆகவே எனக்குத் தெரிந்த ஏழுமலையை மட்டும் இந்த வாரம் சொல்லிவிடுகிறேன்.

மில் நின்ற நாட்கள்

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயதிருக்கும். வேலூர்ப் பக்கத்து மிஷன் விடுதியில் வளர்ந்தவள் நான். தாய் தகப்பன் முகம் தெரியாது. படித்து முடித்ததும் தங்கவயலில் பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு டீச்சராக அனுப்பினார்கள். வந்து இறங்கிய வாரம் முழுக்க அந்த மில் சத்தத்தில் தலை வலித்தது. பிறகு அது காதில் விழுவதே நின்றுபோனது.

சுரங்க ஆட்கள் மூங்கில் தட்டியும் கூரையுமாக வரிசை வரிசையாகக் கட்டிய வீடுகளில் குடியிருந்தார்கள். வீடு கம்பெனியுடையது. ஆள் வேலை செய்யும்வரைதான் வீடு. கீழே பாறை சரிந்து ஒருவர் இறந்துபோனால், எட்டாம் நாள் அவருடைய குடும்பம் வீட்டைக் காலி செய்ய வேண்டும். வருகிறவனுக்கு இடம் வேண்டுமல்லவா?

அப்படித்தான் மங்கா என்ற பெண்ணின் புருஷன் இறந்தான். கைக்குழந்தையோடு அவளைக் காலி செய்யச் சொன்னார்கள்.

அந்த வாரம் ஒரு மாலை, நான் பிள்ளைகளை அனுப்பிவிட்டு வீடு திரும்பும் வழியில் கூட்டத்தைப் பார்த்தேன். கவிழ்த்துப்போட்ட ஒரு தள்ளுவண்டிமேல் ஒருவர் நின்றிருந்தார். அவர்தான் ஏழுமலை, சுரங்கத்துக்குள் பாறை சரியாமல் மரம் முட்டுக் கொடுக்கிற வேலைக்காரர். கைகள் இரண்டும் உடம்புக்குச் சம்பந்தமில்லாமல் பெரிதாக இருந்தன.

"கீழ செத்தவனுக்கு மேல எட்டு நாளுதான் எடம். நாளைக்கு நான் செத்தா என் பொண்டாட்டிக்கும் எட்டு நாளு. உனக்கும் எட்டு நாளு. இந்த எட்டு நாளு சட்டம் போறவரைக்கும் நான் கேஜ்ல கால் வெக்க மாட்டேன். வர்றவங்க வாங்க."

அவ்வளவுதான் பேச்சு. கையை ஆட்டவில்லை, கத்தவும் இல்லை. மறுநாள் காலை ஷிஃப்ட்டுக்குச் சங்கு ஊதியபோது ஆட்களை இறக்குகிற கேஜ் காலியாக நின்றது.

மூன்றாம் நாள் மில்லுக்குக் கல் இல்லாமல் உலக்கைகளும் நின்றன. அந்த அமைதியை என்னால் மறக்க முடியவில்லை. பிறந்ததிலிருந்து அந்த ஓசையிலேயே தூங்கிய குழந்தைகள் தூக்கம் வராமல் அழுதன. யாரோ ஒரு வீட்டில் தாளிக்கிற சத்தம் மூன்று தெருவுக்குக் கேட்டது.

பிறகு கம்பெனித் தரப்பில், "யோசித்துச் சொல்கிறோம், அதுவரை யாரையும் காலி செய்யமாட்டோம்" என்றார்கள். ஆட்கள் வேலைக்குத் திரும்பினார்கள். திரும்பிய அன்றே ஏழுமலை மேல் வாரன்ட் வந்தது. சிநேகிதர்கள் அவரைப் பிடித்துத் தள்ளாத குறையாக ஊரைவிட்டு அனுப்பிவைத்தார்கள்.

எனக்கு ஒரு அத்தை

ஏழுமலையின் மகள் பொன்னி என் வகுப்பில் இருந்தாள். அவளை அழைத்துப்போக வந்த அவள் அம்மா கன்னியம்மா அக்கா ஒருநாள் வாசலிலேயே நின்றார். மில் பக்கத்தில் கல் பொறுக்குகிற வேலை அவருக்கு. விரல் நுனிகளெல்லாம் வெடித்திருந்தன.

"டீச்சரம்மா, ஒண்ணு கேக்கட்டா? எனக்கு லெட்டர் வந்தா தபால் ஆபீஸ்லயே பிரிச்சிப் பாப்பாங்க. எனக்குப் படிக்கவும் தெரியாது. உங்களுக்கு லெட்டர் வந்தா யாரும் இன்னான்னு கேக்க மாட்டாங்க."

"எனக்கு லெட்டர் போட யாருமே இல்லையே அக்கா."

"அதான் நல்லதாப் போச்சி. யாரா இருந்தாலும் ஒத்துப்பாங்க."

இப்படித்தான் எனக்கு ஒரு அத்தை கிடைத்தாள். ஏழுமலையை ஊரைவிட்டு அனுப்பியவர்கள் வழியாக என் முகவரி அவருக்குப் போனது. உறையின் பின்புறம் ஒவ்வொரு முறையும் அத்தை பெயரும், பதில் போட ஒரு முகவரியும் இருக்கும். எனக்குக் கடிதமே வராது என்று தெரிந்திருந்த தபால்காரர், மூன்றாவது உறையைக் கொடுக்கும்போது அதைத் திருப்பிப் பார்த்தார்.

"உங்க அத்த கையெழுத்து இன்னாம்மா, கோடாலி புடிக்கிற ஆளு எழுதினாப்புல கீது?"

"தோட்டத்தில் வேலை பார்க்கிறாங்க" என்றேன். அது ஒருவகையில் பொய்யில்லை. ஏழுமலை ஏதோ ஒரு மலைத்தோட்டத்தில் மரம் வெட்டிக்கொண்டிருந்தார்.

தபால்காரர் மேற்கொண்டு கேட்கவில்லை. அடுத்த தடவையிலிருந்து, "அத்தைக்கு உடம்பு சொகமா?" என்று விசாரிக்க ஆரம்பித்தார். அவருக்கு எவ்வளவு தெரியும் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

எழுத்து நிஜமாகவே கரடுமுரடு. ஏழுமலை முப்பது வயதுக்கு மேல்தான் எழுத்தே கற்றவர். பேசுவதை அப்படியே எழுதுவார். காகிதத்தில் இடம் தீர்ந்துபோனால் ஓரத்தில் சுற்றிச் சுற்றி எழுதுவார். கடைசி வரியைக் கண்டுபிடிக்க நான் கடிதத்தைத் திருப்பிக்கொண்டே இருப்பேன்.

மரம் பேசும்

இரண்டாவது கடிதத்தில் மரங்களைப் பற்றி எழுதியிருந்தார்.

"இங்க மரம் எல்லாம் உசுரோட கீது. எனக்குப் பழக்கமில்ல. நம்ம எடத்துல செத்த மரத்தத்தான் பாத்துக்கினு இருந்தேன். கீழ லெவல்ல முட்டுக் குடுத்த மரம் ஒடியறதுக்கு முன்ன சத்தம் போடும். அத்தக் கேட்டு ஓடினா தப்பிச்சிக்கலாம். மரம் சொல்லிட்டு ஒடியுது. மனுசன்தான் சொல்லாம ஒடிஞ்சி போறான். அத்தொட்டுதான் நான் பேசினேன், வேற ஒண்ணுமில்ல."

மூன்றாவது கடிதம் நீளமானது. அதில்தான் அவர் தன் தகப்பனாரைப் பற்றி எழுதினார். ஊரில் பெரிய தெரு வழியாகப் போகும்போது அவர் தகப்பனார் செருப்பைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொள்வாராம். வெயில் காலத்தில் பொரிகிற மண்ணில் ஓட்டமும் நடையுமாகப் போவாராம். எதிரில் யாராவது வந்தால் தெருவோரம் ஒதுங்கி நிற்பாராம். சின்ன வயதில் ஏழுமலைக்கு அது ஒரு விளையாட்டு என்று தோன்றியதாம். தானும் கூட ஓடினாராம்.

"இங்க வந்து மொதோ தடவ கேஜ்ல நின்னப்போ, தோளோட தோளு ஒட்டிக்கினு நின்னாங்க எல்லாரும். அதுக்குள்ள யாரும் யாருக்காகவும் ஒதுங்க முடியாது. எடமே இல்ல. எனக்கு அது புடிச்சிருந்திச்சி. மேல வந்தா மறுபடியும் ஒதுங்குறாங்க. கீழ ஒரு மாதிரி, மேல ஒரு மாதிரி இன்னாத்துக்கு இருக்கணும்?"

அதைப் படித்த பிறகு அந்தத் தள்ளுவண்டிமேல் நின்ற மனிதரை வேறு விதமாக நினைத்துப் பார்த்தேன். எட்டு நாளை எதிர்த்து அவர் பேசியது மங்காவுக்காக மட்டுமல்ல என்று தோன்றியது. செருப்பைக் கக்கத்தில் இடுக்கிய ஒரு தகப்பனும் அந்தப் பேச்சில் இருந்திருக்கிறார்.

பதில் எழுதுவதும் என் வேலைதான். அக்கா சொல்லச் சொல்ல எழுதுவேன்.

"கூர ஒழுகலன்னு எழுதுங்க."

போன வாரம் பெய்த மழையில் பொன்னியின் பாவாடை காயாமல் ஈரத்தோடு பள்ளிக்கூடம் வந்ததை நான் பார்த்திருந்தேன். "ஒழுகுதே அக்கா. பொய் எழுதலாமா?"

"ஒழுகுதுன்னு எழுதினா அந்தாளு அடுத்த ரயிலப் புடிச்சி வந்துடும். ஒழுகலன்னே எழுதுங்க. ஆண்டவருக்கு நான் பதில் சொல்லிக்கிறேன்."

எழுதினேன். எப்படியோ அவர் கண்டுபிடித்துவிட்டார். அடுத்த கடிதத்தின் ஓரத்தில், எந்த மூலையில் எத்தனை கீற்று மாற்ற வேண்டும் என்று படம் போட்டு அனுப்பியிருந்தார்.

தண்ணீர்த் தொட்டியருகே

இரண்டு மாதம் போனது. கம்பெனி யோசித்துக்கொண்டே இருந்தது. அதற்குள் ஒரு பேச்சு கிளம்பியது. மேஸ்திரி ஒருவர்தான் கிளப்பினார் என்று பிறகு தெரிந்தது. ஏழுமலை ஓடிப்போகவில்லையாம். கம்பெனிக்காரர்களே அவருக்கு வேறு ஊரில் மேஸ்திரி வேலையும் செங்கல் வீடும் கொடுத்து அனுப்பிவிட்டார்களாம். வாரன்ட் எல்லாம் நாடகமாம்.

யாரும் முதலில் நம்பவில்லை. ஆனால் நாள் ஆக ஆகப் பேச்சுக்குக் கை கால் முளைத்தது. அந்தச் சமயம் பார்த்து மங்காவுக்கும் இன்னும் இரண்டு பெண்களுக்கும் மறுபடியும் ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனான். திங்கட்கிழமை காலை கூரையைப் பிரிப்போம் என்று.

ஆட்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். நம்மை விற்றுவிட்டுப் போனவன் சொன்னதற்காக நாம் ஏன் நிற்க வேண்டும் என்று ஒரு பாதி கேட்டது. அதில் முன்னால் நின்றவர் குப்புசாமி. ஏழுமலையோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர், ஒரே ஷிஃப்டில் இறங்கியவர், பொன்னிக்குத் தொட்டில் கட்டியவர்.

வெள்ளிக்கிழமை மாலை அக்கா தண்ணீர்த் தொட்டியில் குடம் நிரப்பிக்கொண்டிருந்தார். நானும் அங்கே இருந்தேன். குப்புசாமி நேரே வந்து நின்றார்.

"உன் வூட்டுக்காரன் எங்கள வித்துட்டுப் போயிட்டான், தெரியுமா?"

அக்கா குடத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நீயே இத்தச் சொல்றியா?"

"நானேதான் சொல்றேன். ரெண்டு மாசமாச்சி. எனக்கு ஒரு வரி எழுதினானா? இன்னாத்துக்கு எழுதல? மூஞ்சி கீதா எழுத?"

அவர் கோபத்தில் பேசவில்லை என்பதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. கண் கலங்கியிருந்தது. ஏமாந்துபோன சிநேகிதனின் முகம் அது.

அக்கா குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "டீச்சரம்மா, வூட்டுக்கு வரேன்" என்று மட்டும் சொன்னார்.

எந்தக் கடிதத்துக்காக வருகிறார் என்று எனக்குத் தெரியும். பத்து நாளுக்கு முன் வந்தது. படித்து முடித்ததும், "இத்த யார்கிட்டயும் பேச வேணாம்" என்று அக்கா என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார்.

"அந்த லெட்டர எடுங்க" என்றார் வந்ததும். "ஞாயித்துக்கெழம கூட்டம் போடறாங்க. நீங்க வந்து படிக்கணும். அவரு எழுத்து உங்களத் தவிர யாருக்கும் புரியாது."

பள்ளிக்கூடம் இருந்த இடமே கம்பெனி நிலம். நான் கூட்டத்தில் நின்றால் மிஷனில் என்ன சொல்வார்கள்? வேலை போனால் போக எனக்கு ஊர் என்று ஒன்று கிடையாது. அத்தைகூடக் கற்பனைதான்.

அதை அக்காவிடம் சொல்லவில்லை. வேறொன்றைச் சொன்னேன். "சரி அக்கா. ஆனா அந்த ஒரு பக்கத்தை விட்டுடலாம். கம்பெனிகிட்ட அவர் வேண்டாம்னு சொன்னதை மட்டும் படிக்கிறேன். அது போதும்."

அக்கா தலையை ஆட்டி மறுத்தார்.

"அந்தப் பக்கத்த வுட்டுட்டா அது லெட்டர் இல்ல டீச்சரம்மா, இன்னொரு பேச்சு. பேச்ச யாரு நம்புறாங்க இப்போ?"

"உங்களுக்கு அவமானமா இருக்காதா?"

"இருக்கும். அதுக்கு இன்னா பண்றது? எல்லாத்தையும் படிங்க."

ஞாயிற்றுக்கிழமை

ஆலயத்தில் ஆராதனை முடிந்து நேரே போனோம். தங்கம் எடுத்தபின் கொட்டுகிற மண் வெள்ளைக் குன்றாகக் குவிந்திருக்கும். அதன் அடிவாரத்தில்தான் கூட்டம். காற்றடித்தால் அந்த மண் பவுடர் மாதிரிப் பறந்து பல்லில் நறநறக்கும். சரிவு முழுக்க ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் என்று நாங்கள் இரண்டு பேர்தான்.

"இன்னாத்துக்கு இவங்கள இட்டாந்த?" என்று யாரோ கேட்டார்கள்.

அக்கா கேட்டவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. "என் வூட்டுக்காரரு எனக்கு எழுதின லெட்டர். படிக்கப் போறாங்க. கேட்டுட்டு அப்புறம் பேசுங்க" என்றார்.

பாடம் நடத்துகிற குரல்தான் எனக்கிருந்த ஒரே குரல். அந்தக் குரலிலேயே படித்தேன். இதோ, நினைவிலிருக்கிறபடி எழுதுகிறேன்.

"கன்னியம்மா, இத்த உங்கிட்ட நேர்ல சொல்லத் தைரியம் வரல. வேல நின்ன ரெண்டாம் நாளு என்ன ஆபீசுக்குக் கூப்ட்டாங்க. ஒக்காரச் சொல்லி நாற்காலி போட்டாங்க. மேஸ்திரி வேல, ரெண்டு ரூம்பு வெச்ச செங்கல் வூடு தரோம்னாங்க. யோசிச்சி நாளைக்குச் சொல்லுன்னாங்க. நான் அப்பவே வேணாம்னு எழுந்து வந்துட்டேன்னு நெனச்சிக்காத. வரல. அன்னிக்கிப் பூரா யோசிச்சேன். அடுப்ப எந்த மூலயில போடுவ, பொன்னி எங்க படுப்பா, இதையே நெனச்சிக்கினு இருந்தேன். மனசுக்குள்ள குடியே போயிட்டேன்."

சரிவில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. "பாத்தியா" என்றது ஒரு குரல். அக்கா என் முழங்கையைத் தொட்டார். தொடர்ந்தேன்.

"சாயங்காலம் மங்கா வூட்டாண்ட போனேன். அந்தம்மா சட்டி பான எல்லாம் மூட்ட கட்டிட்டு, தரைய மொழுவிக்கினு இருந்தாங்க. காலி பண்ற வூட்ட இன்னாத்துக்கும்மா மொழுவறன்னு கேட்டேன். அடுத்து வர்றவங்க புள்ளகுட்டியோட வருவாங்க அண்ணா, சுத்தமா இருக்கட்டும்னாங்க. எனக்கு நிக்க முடியல. நேரா ஆபீசுக்குப் போயி வேணாம்னு சொல்லிட்டு வந்தேன். அந்தம்மா மொழுவாம இருந்திருந்தா நான் இன்னா சொல்லியிருப்பேன்னு எனக்கே தெரியாது."

இப்போது முணுமுணுப்பு இல்லை. அடுத்த பத்தியில் என் கண் பட்டதும் நான் ஒரு கணம் நிறுத்தினேன். அக்கா, "படிங்க" என்றார்.

"ஜனங்க எனக்குத் தைரியம் ஜாஸ்தின்னு சொல்றாங்க. அத்தக் கேட்டா எனக்கு வெக்கமா கீது. மொதோ நாளு கேஜ் எறங்கினப்ப பயத்துல எனக்கு வேட்டியே நனைஞ்சி போச்சி. இருட்டுல பக்கத்துல நின்னவன் கையப் புடிச்சிக்கினேன். அவன் வுடல. அடி வரைக்கும் புடிச்சிக்கினே வந்தான். மேல வந்து இன்னிக்கு வரைக்கும் யார்கிட்டயும் சொல்லல. அவன் பேர எழுத மாட்டேன். லெட்டர் மாட்டிச்சின்னா அவனுக்கு வம்பு. அவனுக்கு நான் ஒரு வரி எழுதாததும் அதுக்குத்தான். கோச்சிக்கினு இருப்பான். அவனப் பாத்தா நீ ஒண்ணும் சொல்லாத. மோர் மட்டும் குடு."

படித்து முடித்தேன். காற்றில் மண் பறந்தது. என்னவாகப் போகிறது என்று தெரியாமல் காகிதத்தை மடித்தேன், பிரித்தேன், மறுபடி மடித்தேன்.

முன் வரிசையில் குப்புசாமி எழுந்து நின்றார். பிறகு தன் வலது கையைத் தூக்கிப் பார்த்தார், புதிதாகப் பார்ப்பதுபோல.

"என் கைதான் அது" என்றார்.

அப்படியே உட்கார்ந்து முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

சரிவின் மேல்பக்கத்திலிருந்து வயதான ஒருவர் சத்தமாகச் சொன்னார்: "அய்யே, எனக்குந்தான்டா நனைஞ்சிச்சி! நான் தண்ணிக் குடம் ஒழுகிச்சின்னு சொல்லிட்டேன்!"

வெடித்துச் சிரித்தது கூட்டம். சிரித்துக்கொண்டே ஆளாளுக்குத் தங்கள் முதல் நாளைச் சொல்ல ஆரம்பித்தார்கள். மெழுகுவத்தி அணைந்துபோனது, வாந்தி எடுத்தது, அம்மாவைக் கூப்பிட்டது. ஏழுமலையைப் பற்றிய பேச்சே அதற்கப்புறம் எழவில்லை. அவர் இவர்களில் ஒருவர் என்பது தெரிந்துவிட்டது, அவ்வளவுதான். அரை மணி கழித்து, நாளைக் காலை எங்கே கூடுவது என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

திரும்பி வரும் வழியில் குப்புசாமி அக்காவோடு பத்தடி தள்ளியே நடந்துவந்தார். வீட்டு வாசலில் அக்கா உள்ளே போய் ஒரு சொம்பு மோர் கொண்டுவந்து நீட்டினார். இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஒரு வருஷம்

திங்கட்கிழமை காலை சங்கு ஊதியபோது, ஆட்கள் தூக்குச்சட்டிகளோடு வந்து மங்காவின் வீட்டைச் சுற்றி உட்கார்ந்தார்கள். சண்டையில்லை, கல்லெறியவில்லை. கூரையைப் பிரிக்க வந்த நான்கு பேர் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். செவ்வாயும் அப்படியே. புதன்கிழமை மாலை அறிவிப்பு வந்தது. சுரங்கத்தில் இறந்தவரின் குடும்பம் ஒரு வருஷம் வீட்டில் இருக்கலாம். அந்தப் பெண் விரும்பினால் மேலே கல் பொறுக்கும் வேலை உண்டு.

ஒரு வருஷம்தானா என்று சலித்துக்கொண்டவர்கள் இருந்தார்கள். மங்கா தன் கைக்குழந்தையைப் பார்த்தபடி சொன்னாள்: "ஒரு வருசம்னா இவன் எழுந்து நடந்துடுவான்கா."

மிஷனில் என்னைக் கூப்பிட்டனுப்பினார்கள். பெட்டியைக் கட்டி வைத்துவிட்டுத்தான் போனேன். வெள்ளைக்கார மிஸ்ஸியம்மா நீண்ட நேரம் கண்டித்தார். அதற்குள் வெளியே வளவில் ஏதோ அரவம். பார்த்தால் என் வகுப்புப் பிள்ளைகளின் தாய்மார்கள் முப்பது நாற்பது பேர் சும்மா நின்றிருந்தார்கள். ஒன்றும் கேட்கவில்லை. நின்றார்கள். மிஸ்ஸியம்மா ஜன்னலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பள்ளிக்கூடத்துக்கு மணி அடிக்க நேரமாகவில்லையா?" என்றார்.

எல்லாத்தையும் படிச்சீங்களா?

சில மாதங்களில் ஏழுமலை மேல் இருந்த வாரன்ட் கிடப்பில் போனது. ஏன் என்று யாரும் சொல்லவில்லை. அவர் இல்லாமலே ஆட்கள் உட்கார்ந்ததைப் பார்த்தபின், அவரைப் பிடித்து என்ன ஆகப்போகிறது என்று நினைத்திருக்கலாம்.

கோரமண்டல் ஸ்டேஷனில் அவர் இறங்கிய அன்று பாதிக் குடியிருப்பு அங்கே இருந்தது. நான் போகவில்லை. மறுநாள் பள்ளிக்கூடத்துக்கு அவரே வந்தார். தள்ளுவண்டிமேல் பார்த்து நான் நினைத்திருந்ததைவிடக் குள்ளம். தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, வாசல் நிலையைத் தட்டிப் பார்த்தார். நல்ல மரமா என்று பார்க்கிற பழக்கம் போலும்.

எனக்கு அவரை நன்றாகத் தெரியும். அவருக்கு என்னைத் தெரியாது. இருவருக்கும் எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

"டீச்சரம்மா, வேட்டி நனைஞ்சதையுமா படிச்சீங்க?"

"படிச்சேன்."

"அத்தினி பேரு முன்னால?"

"அக்கா எல்லாத்தையும் படிக்கச் சொன்னாங்க."

தலையைக் குனிந்துகொண்டார். காது மடல் சிவந்திருந்தது. குனிந்தபடியே சொன்னார்:

"குப்புசாமி ஒண்ணு சொன்னான். இப்போல்லாம் கேஜ்ல புது ஆளு எறங்கினா பக்கத்துல கீறவன் கேக்காமயே கையப் புடிச்சிக்கிறானாம். நான் ஆயிரம் வாட்டி வண்டி மேல ஏறிப் பேசியிருந்தாலும் அத்தப் பண்ண வெச்சிருக்க முடியாது."

வணக்கம் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவரோடு நான் பேசியது மொத்தமே அவ்வளவுதான்.

ஆனால் அதற்கு முன்பே, அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்த நாளிலிருந்தே, கன்னியம்மா அக்கா தினமும் பள்ளிக்கூடம் விட்டபிறகு வர ஆரம்பித்திருந்தார். "உங்க கொரல்லயே அவர எத்தினி நாளு கேக்கறது? எனக்குச் சொல்லிக்குடுங்க" என்றார். அரிச்சுவடி அவருக்குப் பிடிக்கவில்லை. பழைய கடிதங்களையே எடுத்து வைத்துக்கொண்டார். முதல் கடிதத்தைத் தவிர மற்றதெல்லாம் அவர் பெயரில் ஆரம்பிக்குமாதலால் தன் பெயரைத்தான் முதலில் அடையாளம் கண்டார். வெடித்த விரல் நுனியால் வரிக்கு வரி தடவிக்கொண்டு போவார். நான் சொல்லிக் கொடுத்ததைவிட அந்தக் கரடுமுரடான கையெழுத்துதான் அவருக்கு அதிகம் சொல்லிக் கொடுத்தது.

மறு வருஷம் ஏழுமலை மறுபடி கிளம்பினார். இந்தத் தடவை ஓடி ஒளிய அல்ல. ரயில்பாதை போடுகிற ஆட்கள் வந்து பேசச் சொல்லிக் கூப்பிட்டிருந்தார்கள்.

இரண்டு வாரம் கழித்து ஒரு மாலை, அக்கா ஒரு உறையோடு என் வகுப்புக்கு வந்தார். உறைமேல் கன்னியம்மா என்று, வெளிச்சத்தில் எல்லோரும் பார்க்கும்படி, பெரிதாக எழுதியிருந்தது. தபால்காரரே வீடு தேடி வந்து கொடுத்தாராம்.

வழக்கமான இடத்தில் உட்கார்ந்தார். நான் பழக்க தோஷத்தில் கையை நீட்டினேன். அவர் கடிதத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். உதடுகள் அசைய அசைய மெதுவாகப் படித்தார். ஒரு இடத்தில் நின்றார், திரும்பப் படித்தார். ஓரத்து வரிகளுக்காகக் காகிதத்தைச் சுற்றினார். பிறகு யாரும் இல்லாத இடத்தில் சிரிப்பதுபோல ஒரு சிரிப்பு சிரித்தார்.

"என்ன அக்கா எழுதியிருக்கார்?" என்றேன்.

அக்கா கடிதத்தை நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

"அது எனக்கு எழுதிகீறாரு டீச்சரம்மா" என்றார்.